நிலாவைக் காட்டினால் எங்கே பார்க்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம் ஆகிறது. 'அம்மா', 'தாத்தா', 'பூ', 'நோ' என்று நான்கு வார்த்தைகள்தான் சொல்கிறான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். அவர் தெலுங்கு பேசுவார். நானும் கணவரும் தமிழ். பிறந்தபோது மஞ்சள் காமாலைக்காக மூன்று நாள் விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். 7 மாதத்தில் உட்கார்ந்தான், தவழவே இல்லை, 15 மாதத்தில் நடந்தான். லாரி ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுவான். ஒரு நாளைக்கு ஐந்து புட்டி பால் குடிக்கிறான். நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறான், கடிக்கிறான். இவனைவிட ஒரு மாதம் சின்னவளான நாத்தனார் மகள் பாட்டே பாடுகிறாள். "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான், ஆண் பிள்ளை அப்படித்தான்" என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டில், நாக்கு ஒட்டியிருக்கும், அறுத்துவிட வேண்டும் என்கிறார்கள். வசம்பும் தேய்த்துப் பார்த்துவிட்டோம். பிளே ஸ்கூலில் விசாரித்தால், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆயிற்றா? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு வார்த்தைகளைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நான் நின்றது வேறொரு வரியில். பிறந்தபோது மஞ்சள் காமாலைக்காக மூன்று நாள் விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறுத்துப் பார்க்க வேண்டாம். இந்த மாதமே அவனுக்குச் செவிப்புலன் சோதனை செய்யுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தை வந்தாலும், காரணம் பளிச்சென்று தெரிந்தால்கூட, நான் சீட்டில் முதல் வரியாக எழுதுவது அதைத்தான். காதில் சரியாக விழாத சொல்லைக் குழந்தை எப்படித் திருப்பிச் சொல்லும்?

பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் உடம்பு மஞ்சள் தட்டும். விளக்கின் கீழ் வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதன் சுவடே இராது. அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளின் அளவு ரத்தத்தில் மிக அதிகமாக ஏறிய சிலருக்கு மட்டும் அது செவி நரம்பைத் தொட்டுவிடக்கூடும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையில் அந்த எண் இருக்கும். பீரோவில் தேடி எடுத்து வையுங்கள். பார்க்கும் டாக்டர் கட்டாயம் கேட்பார்.

லாரி ஹாரனுக்கு ஓடுகிறான் என்கிறீர்கள். எல்லாப் பெற்றோரும் சொல்லும் சாட்சி இது. காது கேட்பது என்பது விளக்கை ஏற்றுவது அணைப்பது போன்றதல்ல. ஹாரனும் மேளமும் கேட்கிற குழந்தைக்கு 'ச', 'ஸ', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப் போகலாம். சளி பிடித்துப் பிடித்து விடுகிற குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் கோந்துபோல் நீர் தேங்கும். வலி இராது, சீழ் வராது, யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பதுபோல்தான் அந்தக் குழந்தைக்கு உலகம் கேட்கும். இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்த பாட்டி, "பிடிவாதக்காரி, எதிரே நின்று கூப்பிட்டால் வருவாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்ப மாட்டாள்" என்று அறிமுகப்படுத்தினார். நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார், பெயர்தான் மாற்றி வைத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு காதிலும் நீர் தேங்கியிருந்தது.

சோதனைகள் இரண்டு உண்டு. காதில் சிறு குமிழைச் செருகி ஐந்து நிமிடத்தில் முடிப்பது ஓ.ஏ.இ.; பிறந்தவுடன் பல ஆஸ்பத்திரிகளில் செய்வது இதைத்தான். தலையில் ஒட்டுகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது பெரா. மஞ்சள் காமாலை அதிகமாக இருந்த குழந்தைக்கு முதல் சோதனை மட்டும் போதாது. உட்காது ஒழுங்காக இருந்து, நரம்பில் மட்டும் கோளாறு இருந்தால், ஓ.ஏ.இ. 'சரி' என்றே காட்டும். எனவே பெராவையும் கேட்டு வாங்குங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் தேறிவிட்டான் என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள்.

இனி உங்கள் நான்கு வார்த்தைகளுக்கு வருகிறேன். முதல் பிறந்தநாளை ஒட்டி ஒரு சொல். ஒன்றரை வயதில் பத்துச் சொல் போல. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொல், 'பால் தா', 'அப்பா போ' என்று இரண்டைச் சேர்ப்பது. பெரும்பாலான குழந்தைகள் போகும் பாதை இது. இந்தக் கணக்கில் உங்கள் மகன் பின்தங்கியிருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் வெறும் எண்ணிக்கையை வைத்து நான் எதையும் தீர்மானிப்பதில்லை. இரண்டு வயதில் ஐம்பது சொல் எட்டாத குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்குப் போகும் முன் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். யார் எட்டிப்பிடிப்பார், யாருக்கு உதவி தேவை என்பதை வாய் சொல்லாது. கண்ணும் விரலும்தான் சொல்லும்.

நம்மிடம் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை இருக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது. கையையும் முழங்காலையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை; ஏறக்குறைய ஐந்தாம் மாதம். கைகொட்டுவது சப்பாணி, ஒன்பதாம் மாதம். தளர்நடையாக வருவது வருகை, ஓராண்டை ஒட்டி. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது. என் மேசையில் இருக்கும் மருத்துவ அட்டவணைகளிலும் அப்படித்தான். நடை பழகிய பிறகு வருகிற பருவம் அம்புலி. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டி, விளையாட வா என்று கூப்பிடுவது. படிக்கிற காலத்தில் அதை வெறும் கவிதை அழகாகத்தான் நினைத்திருந்தேன். குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் வேலைக்கு வந்த பிறகுதான், நாங்கள் அறைக்குள் செய்யும் மிக முக்கியமான சோதனை அதுதான் என்று புரிந்தது.

இதை நீங்களே செய்து பாருங்கள். இருட்டியதும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ தூக்கிக்கொண்டு போங்கள். எதுவும் சொல்லாமல் சில வினாடி நில்லுங்கள். பிறகு, "அதோ பார்!" என்று விரலை நீட்டுங்கள். ஆறேழு மாதக் குழந்தை உங்கள் விரலைப் பார்க்கும். ஒரு வயதுக் குழந்தை விரல் போகும் திசையில் கண்ணை அனுப்பி நிலாவைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு ஒரு காரியம் செய்யும், அதைத் தவறவிடாதீர்கள்: திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். 'நீயும் பார்க்கிறாயா?' என்று கேட்பது போன்ற ஒரு பார்வை. பொருள், நீங்கள், தான் என்று மூன்றையும் ஒரு கோட்டில் கட்டுகிற பார்வை அது. இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு ஏறி வருகிறது. நீங்கள் 'நிலா' என்கிறபோது அந்தச் சொல் எந்தப் பொருளுக்கு உரியது என்று அவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

அடுத்தது, அவனாகவே விரல் நீட்டுகிறானா என்பது. இதில் இரண்டு வகை உண்டு. மேலே இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டி 'அது வேண்டும்' என்பது ஒன்று. தெருவில் போகும் மாட்டைக் காட்டி 'அங்கே பாரேன்' என்பது இன்னொன்று. மாடு அவனுக்கு வேண்டாம். அதை உங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்த இரண்டாவது விரல்தான் முக்கியம். ஒன்றரை வயதுக்குள் வந்திருக்க வேண்டும். உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். ஆனால் அப்படி இழுக்கும்போது உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறானா, இல்லை உங்கள் கையை மட்டும் ஒரு கரண்டியைப் போல எடுத்துப் பயன்படுத்துகிறானா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் தூரம் அதிகம்.

அவனுக்கு என்ன புரிகிறது என்றும் பாருங்கள். கண்ணாலும் கையாலும் சைகை காட்டாமல், "அப்பா செருப்பை எடுத்து வா" என்று சொல்லுங்கள். அத்தை தெலுங்கில் சொல்லிப் பார்க்கட்டும். செய்துவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி. கடைசியாக விளையாட்டு. என் மேசை இழுப்பறையில் ஒரு சில்வர் டம்ளர், ஒரு கரண்டி, ஒரு துணி பொம்மை, ஆறு மரக்கட்டைகள் இருக்கின்றன. விலை உயர்ந்த சோதனைக் கருவிகளைவிட இவை எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன. காலி டம்ளரில் பொம்மைக்குப் பால் புகட்டுகிற குழந்தை, இல்லாததை இருப்பதாகப் பாவிக்கத் தெரிந்த குழந்தை. சொல் என்பதும் இல்லாத பொருளுக்கு நிற்கும் ஒரு பாவனைதானே. ஒரு பையன் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கித் தன் தாத்தாவின் நெஞ்சில் வைத்து, மிகவும் கவலையான முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நான் கவலைப்படவும் இல்லை. டம்ளரை உருட்டி உருட்டி அதன் விளிம்பு சுழல்வதை மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பையனுக்கு நாற்பது சொல் தெரிந்திருந்தது. ஆங்கில எழுத்துகளும் நிறங்களும். அவனைத்தான் மறுவாரமே வரச் சொன்னேன்.

ஆட்டிசம் என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரவில் போனில் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் நானே சொல்கிறேன். ஒரு கடிதத்தை வைத்து உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென்று எம்-சாட் என்ற இருபது கேள்விப் பட்டியல் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்வதுதான். அதில் கூடுதல் மதிப்பெண் வந்தால் நோய் என்று பொருளல்ல. விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

நடையைப் பற்றி ஒரு பத்தி போதும். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழ்கிறது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம். அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. நேரே எழுந்து நடந்துவிட்டார்கள். உங்கள் மகன் உட்கார்ந்ததும் நடந்ததும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன, தவழாததற்கும் கவலை வேண்டாம். வளர்ச்சிப் படி என்பது நாள்காட்டியில் ஒரு தேதி அல்ல, ஒரு பருவம். நாத்தனார் மகளை அளவுகோலாக வைக்காதீர்கள். ஆனால் அந்தப் பருவத்துக்கும் ஒரு கடைசி வாரம் உண்டு என்பதை உங்கள் அத்தைக்குச் சொல்லுங்கள்.

அத்தை சொன்னதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். தாமதப் பேச்சு சில குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்மை. ஆண் பிள்ளைகள் சற்றுப் பின்னால் பேசுவதும் உண்மை. ஆனால் அந்தச் 'சற்று' ஓரிரு மாதம்தான், ஓரிரு ஆண்டு அல்ல. அப்பா மூன்று வயதில் பேசினார் என்பது, மகனைச் சோதிக்க இன்னும் ஒரு காரணமே ஒழிய, சோதிக்காமல் விட ஒரு காரணம் அல்ல. இதை எழுதும்போதே தெரிகிறது, இந்த வரியைப் படித்துக் காட்டினால் உங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நாக்கை அறுக்க வேண்டாம். நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கையில் தொல்லை வரும், 'ர', 'ல' போன்ற ஒலிகள் மழுங்கலாம். அதனால் ஒரு குழந்தை பேசாமல் இருந்துவிடாது. வசம்பையும் நிறுத்துங்கள். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் இருந்தாலும், அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் நல்லதல்ல என்பதால் அமெரிக்காவில் உணவில் சேர்க்க 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். உரைத்துத் தேய்க்கும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது.

ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னவர்களின் யோசனையைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் ஊமையாகவா இருக்கிறார்கள்? அத்தை தெலுங்கிலேயே கொஞ்சட்டும், நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். இரண்டு மொழியிலும் அவன் அறிந்த சொற்களைக் கூட்டித்தான் எண்ண வேண்டும். நான்கு சொல் என்பது உங்கள் காதுக்குத் தெரிந்த தமிழ்க் கணக்காகக்கூட இருக்கலாம். ஒரு தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டி, அத்தையிடம் கேட்டுக் கேட்டு ஒரு வாரம் எழுதுங்கள். 'ஊ' என்று சொல்லி எப்போதும் தண்ணீரைத்தான் கேட்கிறான் என்றால் அதுவும் ஒரு சொல்தான். நாயைப் பார்த்து 'பௌ' என்றால் அதுவும்.

போனுக்கு வருகிறேன். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்றே சொல்கிறது. போன்தான் உங்கள் மகனின் பேச்சைத் தடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது செய்வது வேறு: சாப்பாட்டு நேரத்துப் பேச்சைத் திருடிக்கொள்கிறது. போன் இல்லாத காலத்தில் ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்துக்கு ஒரு பாட்டி எத்தனை சொல் செலவழித்திருப்பார்! காக்காய்க்கு ஒரு வாய், பூனைக்கு ஒரு வாய், சூடு, ஊது, ஆ காட்டு, அவ்வளவுதான், தீர்ந்தது. நடுநடுவே அவர் நிறுத்துவார்; குழந்தை வாயைத் திறக்கும், தலையாட்டும், 'ம்ஹூம்' என்று மறுக்கும்; அதற்கு ஏற்ப அடுத்த வார்த்தை வரும். போனில் வரும் பாட்டு யார் பதிலுக்கும் காத்திருக்காது. பாட்டு ஓடுகிறபோது ஊட்டுகிறவரும் வாயை மூடிக்கொண்டுவிடுகிறார், கவனித்திருக்கிறீர்களா?

அதற்காக அத்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். முழங்கால் வலியோடு 22 மாதப் பிள்ளையின் பின்னால் ஓடுகிறவருக்கு அந்தப் போன் மூன்றாவது கை. கையைப் பிடுங்கினால் மாற்றுக் கை கொடுக்க வேண்டும். ஓர் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வீட்டில் இருக்கும்போது தொடங்குங்கள். தரையில் பாய் விரித்து அவனுக்குத் தனித் தட்டு வையுங்கள். பிசையட்டும், சிந்தட்டும், தலையில் பூசிக்கொள்ளட்டும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள் கால் வயிறுதான் சாப்பிடுவான், வீடு இரண்டாகும். ஐந்தாம் நாள் பசி வரும். ஒன்றை அத்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதல் ஆண்டில் ஆறு கிலோ ஏறிய குழந்தை இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். அதற்கேற்ப பசியும் குறையும். 'முன்பு நன்றாகச் சாப்பிட்டான், இப்போது தொடுவதில்லை' என்பதில் பாதி, இயற்கையின் கணக்கு.

மீதிப் பாதி அந்த ஐந்து புட்டிப் பால். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றையும் நிரப்பிவிடுகிறது, மற்ற உணவிலிருந்து வரும் இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்பு, ரத்தத்துக்கு மட்டுமல்ல. வளரும் மூளையின் நரம்பிழைகளுக்கு உறை போடவும் அது வேண்டும். குறைந்தால் குழந்தை சிடுசிடுக்கும், விளையாட்டில் நாட்டம் குறையும், தூக்கம் கெடும். தரையில் புரள்வதில் இதற்கும் பங்கு இருக்கலாம். பாலை நாளுக்கு 400 மில்லிக்குக் குறையுங்கள், அதுவும் டம்ளரில். புட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். முட்டை, கேழ்வரகு, கீரை, சாப்பிடுகிறவர்கள் என்றால் ஈரல். கூடவே தக்காளியோ நெல்லிக்காயோ. டீயில் பிஸ்கட் முக்கிக் கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு சரி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தை அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

கடிப்பதும் புரள்வதும் இந்த வயதின் இலக்கணம். ஆசை மலையளவு, சொல் நான்கு. மிச்சத்தைப் பல்லால்தான் பேச முடியும். புரளும்போது பாடம் நடத்தாதீர்கள், காதில் ஏறாது. தலை இடிபடாத இடத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அடங்கியதும், "பந்து கிடைக்கவில்லை, கோபம் வந்துவிட்டது" என்று அவன் சார்பில் நீங்கள் சொல்லுங்கள். ஒருநாள் அந்தச் சொல்லை அவன் எடுத்துக்கொள்வான். கடித்தால் அவனைக் கீழே இறக்கிவிட்டு, "கடிக்கக் கூடாது, வலிக்கிறது" என்று ஒரே ஒரு முறை. சிரிக்கவும் வேண்டாம், திருப்பிக் கடித்துக் காட்டவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டால் எங்கள் பிழைப்பும் கொஞ்சம் சுலபமாகும்.

நீங்கள் வேலைக்குப் போவதால் இப்படி ஆகவில்லை. பகல் முழுக்கக் கூடவே இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மாலையில் அரை மணி நேரம் முகம் கொடுப்பது மேல். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், திடீரென்று சில நிமிடம் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அலுவலகக் குழுவில் வந்த செய்தியைப் படித்துக்கொண்டே பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது நம் முகமும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் போனை அலமாரியின் மேல் வைத்துவிடுங்கள். உங்கள் கணவரும்தான்.

அட்டைகளும் கல்வி பொம்மைகளும் வாங்க வேண்டாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் கிடைத்த பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இப்படி இரண்டே ஆண்டு. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் அந்த உதவி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் பனியன் துணித் துண்டுகளும் காலி நூல்கண்டுக் குழலும் கிடைக்காமலா போகும்? குழல்களை அடுக்கட்டும், தள்ளிவிடட்டும். "கைவீசம்மா கைவீசு", "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" என்று பாடிக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். பெற்றோருக்கு மிகக் கடினமான பயிற்சி இதுதான். இரண்டு எண்ணுவதற்குள் நாமே சொல்லிவிடுகிறோம்.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்றின்கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். குழந்தை மருத்துவர், செவிப்புலன் சோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் கட்டணமில்லாமல் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கூட்டம் இருக்கும், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையில் காது சரியாக இருந்து, கண்ணும் விரலும் ஒழுங்காக இருந்தாலும், பேச்சுப் பயிற்சியாளரை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் மறுபடி காட்டுங்கள். பிளே ஸ்கூல் அவசரமில்லை. கூட்டாளிகள் வேண்டும் என்றால் இரண்டு வயது நிறைந்ததும் பக்கத்து அங்கன்வாடியில் விடலாம். அங்கே யாரும் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

பெரா சோதனைக்கு ஒரு குறிப்பு. குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும். முதல் நாள் இரவு நேரம் கழித்துத் தூங்கவையுங்கள், காலையில் ஐந்து மணிக்கே எழுப்பிவிடுங்கள். மாற்றுத் துணியும் அவன் வழக்கமாகக் கட்டிக்கொண்டு தூங்கும் புடவைத் துண்டும் பையில் இருக்கட்டும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூங்கவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் விழித்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். அத்தையையும் அழைத்துப் போங்கள். வழியெல்லாம் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தால் தூங்க மாட்டான்.